கைப்பேசியும் ஒலிபெருக்கியின் ஊளையும்



உங்கள் பள்ளி ஆண்டுவிழாவைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தலைமையாசிரியர் பேச எழுந்து மைக்கின் முன் நிற்கிறார். “அனைவருக்கும்...” என்று தொடங்கியதுமே ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும்படி ஊளையிடுகிறது. மைக்செட்காரர் ஓடி வந்து எதையோ சிறிது திருகுகிறார். ஊளை அடங்கிவிடுகிறது. கூட்டம் தொடர்ந்து நடக்கிறது. குற்றம் தலைமையாசிரியரின் குரலில் என்றோ, மைக்கில் என்றோ, ஒலிபெருக்கியில் என்றோ அங்கே யாரும் வாதிடுவதில்லை.

இந்த ஊளைக்கும், இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிர்ந்து கொண்டிருக்கும் கைப்பேசிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? நான் பௌதிகம் கற்பிப்பவன். மனநூல் என் பாடமன்று. ஆனால் என் அக்கா வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைப் பற்றிப் பல மாதங்கள் என்னைப் படிக்க வைத்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அத்தானுக்கு வேலை மாற்றலாகி, அக்காவின் குடும்பம் தென்காசியிலிருந்து மதுரைக்குக் குடிபெயர்ந்தது. என் மருமகன் அப்போது பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, நீ ஒரு தடவை வந்துட்டுப் போ. இவன் போனைக் கீழ வைக்கவே மாட்டேங்கான். நேத்து அவுக அதைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. ராத்திரியிலேர்ந்து சாப்பிடல.”

போனேன். அவனை எதிரே உட்கார வைத்து, “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்டா?” என்று கேட்டேன். பதில் இல்லை. கண் கெடுவது, படிப்புக் கெடுவது, தூக்கம் கெடுவது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். தலை குனிந்தபடியே கேட்டுக் கொண்டிருந்தவன், கடைசியில், “முடிஞ்சுதா மாமா?” என்றான். அவ்வளவுதான். இருபதாண்டுகள் வகுப்பெடுத்த எனக்கு, ஒரு பாடம் முற்றிலும் வீணாகிவிட்டது என்பது தெரியாமற் போகுமா?

கேள்வியே தவறு என்பது பின்னர்தான் விளங்கிற்று.

எத்தனை மணி என்பதா கேள்வி?

1995இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஐவன் கோல்ட்பெர்க் என்னும் மனநல மருத்துவர், ‘இணைய அடிமை நோய்’ என்று ஒரு நோயைக் கற்பனையாகப் படைத்து, அதன் அறிகுறிகளையும் வரிசையாக எழுதி வெளியிட்டார். மருத்துவர்களின் நோய்ப் பட்டியல்களைக் கேலி செய்வதற்காக எழுதிய வேடிக்கை அது. ஆனால் படித்தவர்களில் சிலர், தமக்கு அந்த நோய் இருப்பதாகவே அவருக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள்! அடுத்த ஆண்டே, 1996இல், கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலார் இதே பொருளை வேடிக்கையாக அல்லாமல் ஆராய்ச்சியாக முன்வைத்தார். சூதாட்டத்தை விட முடியாதவர்களைக் கண்டறிய மருத்துவர்கள் வைத்திருந்த அளவுகோலைத் தழுவி, எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அவர் அமைத்தார்.

சூதாட்டத்தை ஏன் முன்மாதிரியாகக் கொண்டார் என்பதைக் கவனியுங்கள். மது, புகையிலை ஆகியவற்றில் உடலுக்குள் ஒரு பொருள் செல்கிறது. சூதாட்டத்தில் எந்தப் பொருளும் செல்வதில்லை. ஆயினும் மனிதனால் விட முடிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்ற ஒன்றைச் சேர்த்தது. 2019இல் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட இப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கணினி, கைப்பேசி விளையாட்டுகள் மட்டுமே அதில் உள்ளன. இணையம் முழுவதும் இல்லை. அதற்கான அடையாளங்கள் மூன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் கட்டுப்பாடு கைநழுவிப் போதல். உணவு, நட்பு, படிப்பு எல்லாவற்றையும் விட விளையாட்டே முதலிடம் பெறுதல். தீங்கு நேர்கிறது என்று தெரிந்த பிறகும் தொடர்தல். இவை சாதாரணமாக 12 மாதங்களாவது நீடித்து, வாழ்க்கையையே குலைத்திருந்தால்தான் அதற்கு நோய் என்று பெயர்.

இவ்வடையாளங்களில் மணிக்கணக்கு எங்காவது வருகிறதா? இல்லை. நாள்தோறும் மூன்று மணி நேரம் கைப்பேசியில் செலவிட்டும் ஒரு குறையும் இல்லாத மாணவி இருக்கக்கூடும். ஒன்றரை மணி நேரமே பார்த்தாலும், அதை வைத்துவிட்டுச் சாப்பிட வர முடியாமல் தவிக்கும் மாணவன் இருக்கக்கூடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘அடிமை’ என்ற சொல்லை வீட்டில் நாம் எளிதாக வீசிவிடுகிறோம். அந்த மூன்று அடையாளங்களும் முழுமையாகப் பொருந்துவோர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு இருப்பது ஒரு பழக்கச் சிக்கல். என் மருமகனுக்கும் அதுதான்.

புறாவும் தபால்காரரும்

அது ஏன் அவ்வளவு கெட்டியான பழக்கமாகிறது? இதற்கு விடை தேட ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புறாக்களிடம் செல்ல வேண்டும்.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலார் பெட்டிக்குள் புறாக்களை விட்டு, ஒரு வட்டத் தகட்டைக் கொத்தினால் தீனி விழும்படி அமைத்தார். அவரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து இச்சோதனைகளை 1957இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். கொத்துகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தால், அதாவது குறிப்பிட்ட தடவை கொத்தினால் தீனி நிச்சயம் என்றால், புறா தீனியைத் தின்றபின் சற்று ஓய்வெடுத்துக் கொள்ளும். எண்ணிக்கையைத் தாறுமாறாக மாற்றிவிட்டால், அதாவது சில வேளை இரண்டாம் கொத்திலும் சில வேளை அறுபதாம் கொத்திலும் தீனி விழுந்தால், புறா ஓய்வே எடுப்பதில்லை. விடாமல் கொத்துகிறது. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக் கொண்டே இருக்கிறது.

நம் ஊர் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. தபால்காரர் நாள்தோறும் 11 மணிக்கு வருவார் என்றால், கடிதத்தை எதிர்பார்ப்பவர் 11 மணிக்கு ஒரு முறை வாசலுக்கு வருவார். தபால்காரர் எந்த நிமிடமும் வரலாம், ஒரே நாளில் நூறு முறையும் வரலாம் என்றால்? அவர் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் கையிலுள்ள கருவி அத்தகைய தபால்காரர்தான். எடுத்துப் பார்க்கும் பத்து முறையில் எட்டு முறை ஒன்றும் இருக்காது. ஒன்பதாம் முறை தோழியின் செய்தி இருக்கும். அந்த ஒன்பதாம் முறைக்காக மற்ற எட்டையும் கை தானாகவே செய்கிறது.

மூளைக்குள் நடப்பதையும் ஓரளவு கண்டறிந்திருக்கிறார்கள். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்த நரம்பணுக்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பின்னரே சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு சாற்றுக்கு நேரவில்லை, விளக்குக்கே நேர்ந்தது! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. ‘டோபமின் என்றால் இன்பம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் கணக்கர் என்று அதைச் சொல்லலாம். கைப்பேசியின் ‘டிங்’ என்னும் ஒலி, குரங்குக்கு அந்த விளக்கு.

உங்கள் வயதில் இக்கணக்கில் தோழர்களுக்குத் தனி எடை உண்டு. 2016இல் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பதின்வயதினர் முப்பதுக்கும் மேற்பட்டோரை மூளைப்படக் கருவிக்குள் படுக்க வைத்துப் புகைப்படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்தையே பாதிப் பேருக்கு ‘லைக்’ நிறையப் பெற்றதாகவும் மறுபாதிக்குக் குறைவாகப் பெற்றதாகவும் காட்டினார்கள். அந்த எண்ணிக்கைகள் ஆராய்ச்சியாளர்களே இட்டவை. பிள்ளைகளுக்கு இது தெரியாது. நிறைய ‘லைக்’ பெற்ற படத்தையே அவர்களும் விரும்பினார்கள். தம் சொந்தப் படம் அவ்வாறு வந்தபோது, பரிசு கிடைத்தால் விழிக்கும் மூளைப் பகுதி நன்றாகவே விழித்துக் கொண்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டத்தில் நம்மை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பது மனித இனத்துக்கு மிகப் பழைய தேவை. பதின்வயதில் அது கூர்மையாக இருக்கிறது. நிதானித்து நிறுத்தும் வேலையைச் செய்யும் நெற்றிப்புற மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்து கொண்டே வருகிறது. வேகத்துக்கு ஏற்றபடி பிரேக் இன்னும் பொருத்தி முடியாத வண்டி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

சும்மா இருப்பது சுலபமா?

புறாவுக்குப் பசி. உங்களுக்கு எது பசி?

2014இல் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. டிமோத்தி வில்சனும் அவர் குழுவினரும் வயது வந்தவர்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்காரச் சொன்னார்கள். கைப்பேசி கிடையாது, புத்தகம் கிடையாது. அறையில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் மின் அதிர்ச்சி. முன்பே அதைப் பட்டுப் பார்த்து, ‘காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்’ என்று சொன்னவர்கள்தாம் அவர்கள். ஆயினும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஒருமுறையாவது அதை அழுத்திக் கொண்டார்கள்! மனத்தோடு தனித்திருப்பதை விட மின் அதிர்ச்சி மேல் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறது.

கைப்பேசியைத் தேடி எடுக்கும் கணத்தில் பெரும்பாலும் ஏதோ ஓர் உணர்ச்சி முன்னே நிற்கிறது. சலிப்பு, தனிமை, நாளைய தேர்வைப் பற்றிய பயம், வகுப்பில் பட்ட அவமானம். திரையைப் பார்த்தவுடன் அது மறைகிறது. உண்மையில் தீரவில்லை, மறைகிறது. சொறிந்தால் அரிப்பு அடங்குவது போலத்தான். அடங்குகிறது என்பதனாலேயே அடுத்த முறை கை விரைவாகப் போகிறது. தேர்வுப் பயத்துக்காகத் திரையை நாடியவனுக்கு, இரண்டு மணி நேரம் கழித்துப் பயமும் இருக்கும். படிக்க வேண்டிய இரண்டு மணி நேரமும் போயிருக்கும்.

தன் உள்ளத்தில் இருப்பது கோபமா, வருத்தமா, பொறாமையா என்று பிரித்தறியத் தெரியாதவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நேர்மாறான ஒன்றும் தெரியவந்துள்ளது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் கொண்ட முகங்களின் படங்களைப் பலருக்குக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுமாறு கேட்டபோது, மூளையில் அபாய மணி போலச் செயல்படும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொண்டால் அவ்வாறு குறையவில்லை. ஓர் உணர்ச்சிக்குப் பெயரிடுவதே அதைச் சற்று அடக்குகிறது! கட்டுரையின் முடிவில் வரும் நோட்டுப் புத்தகத்துக்கு இது தேவைப்படும். நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கின் கதை

இவ்வளவும் படித்துவிட்டு, ‘கைப்பேசி ஒரு தலைமுறையையே பாழாக்கிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கி என்ற இருவர், பதின்வயதினர் மூன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை அலசினார்கள். ஒருவர் மகிழ்ச்சியாகவும் இன்னொருவர் வாட்டமாகவும் இருக்கிறார் அல்லவா? அந்த வேறுபாட்டுக்கான காரணங்கள் எல்லாவற்றையும் 1000 கிராம் என்று கொண்டால், மின்னணுக் கருவிகளின் பங்கு அதிகம் போனால் 4 கிராம்தான் என்று கணக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிலவற்றையும் அதே தராசில் ஏற்றினார்கள். உருளைக்கிழங்கு அடிக்கடி தின்பதற்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு வந்தது! மூக்குக்கண்ணாடி அணிவதற்கு அதைவிடக் கூடுதலாகவே வந்தது.

இது சராசரி. சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்குகிறவர் நடு ஆற்றில் என்ன ஆவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெரும்பாலோருக்கு முழங்கால் அளவு நீர்தான். எவன் ஆழத்தில் நிற்கிறான், ஏன் அங்கே போனான் என்று பார்க்க வேண்டும். அதைச் சராசரி சொல்லாது.

நள்ளிரவுப் பூட்டு

பிடுங்கிப் பூட்டி வைத்தால் தீர்ந்துவிடுமே என்று அத்தான் நினைத்ததைப் போலவே ஒரு நாடும் நினைத்தது. இணையம் வீடுதோறும் விரைவாகப் பரவிய நாடுகளுள் தென்கொரியா முன்னணியில் நின்றது. தெருவுக்குத் தெரு ‘பீசீ பாங்’ எனப்படும் கணினிக் கடைகள் முளைத்தன. பிள்ளைகள் இரவெல்லாம் அங்கேயே கிடந்தார்கள். 2011 நவம்பரில் அந்நாட்டு அரசு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தோர் இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை கணினியில் இணைய விளையாட்டு ஆட முடியாது. மணி 12 அடித்ததும் விளையாட்டு தானாகவே அவர்களுக்குக் கதவைச் சாத்திவிடும். மேல்நாட்டுக் கதையில் நள்ளிரவில் மாயம் கலைந்துபோகும் சிண்டரெல்லாவின் பெயரையே மக்கள் இச்சட்டத்துக்குச் சூட்டினார்கள்.

நடந்தது என்ன? சில பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். சட்டம் கணினி விளையாட்டுகளுக்குத்தான். கைப்பேசி விளையாட்டுகள் விலக்குப் பெற்றிருந்தன. எனவே ஆட்டம் கைப்பேசிக்கு இடம் மாறிற்று. சட்டத்தின் பயனை அளந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிள்ளைகளின் தூக்கம் கூடியிருந்தது உண்மைதான். எவ்வளவு? இரவுக்கு ஒன்றரை நிமிடம்! பத்தாண்டுகளுக்குப் பின், 2022 ஜனவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

சீனாவும் 2019இல் சிறுவர்களின் ஆட்ட நேரத்துக்கு வரம்பு விதித்தது. பெருந்தொகையான ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், அதனால் மிகையாக ஆடுவோர் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 2021இல் சீனா விதியை இன்னும் இறுக்கி, வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே என்று ஆக்கியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதன் பலனைப் பல நாடுகள் கவனித்து வருகின்றன.

தூக்கம் என்றதும் நீல ஒளி நினைவுக்கு வரும். நம் விழித்திரையில் ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உணர்ந்து, ‘இன்னும் பகல்தான்’ என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் சில உள்ளன. திரையொளியில் அப்பகுதி இருப்பது உண்மை. 2014இல் வெளியான ஒரு சோதனையில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் நூல் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தபோது ஆனதைவிட உறக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாயிற்று. பத்து நிமிடம்! ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’ என்பது விழுங்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திரையை மஞ்சளாக்கிக் கொண்டு இரவு ஒரு மணி வரை பார்ப்பவர் எதைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்குப் புரிவதில்லை.

ஊளை எப்படிப் பிறக்கிறது?

இப்போது மைக்கிடம் திரும்புவோம். மைக்கில் விழுந்த ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. அதில் ஒரு பகுதி சுற்றிக்கொண்டு மீண்டும் மைக்கிலேயே விழுகிறது. 1 பங்கு ஒலி ஒரு சுற்றுச் சுற்றி 0.8 பங்காகத் திரும்பினால், அடுத்த சுற்றில் 0.64, பிறகு 0.512 என்று தேய்ந்துவிடும். மொத்தம் 5 பங்குக்கு மேல் போகாது. உங்கள் பெருக்குத் தொடர்ச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 1.2 பங்காகத் திரும்பினால்? 1.44, 1.728, 2.07... பெருக்கியால் இயன்ற எல்லை வரை ஏறிக்கொண்டே போகும். அதுதான் ஊளை. இதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

என் மருமகன் வீட்டில் நடந்ததைச் சுற்றாக வரைந்தேன். மனத்தில் வாட்டம். அது கைப்பேசியை நாட வைக்கிறது. அதைக் கண்டு வீட்டில் ஏச்சு எழுகிறது. ஏச்சு திரும்பவும் மனத்திலேயே விழுந்து வாட்டத்தைக் கூட்டுகிறது. முழுச் சுற்றின் பெருக்கம் என்பது மூன்று கட்டங்களின் பெருக்கற்பலன். அவை 2, 1.5, 0.4 என்று வைத்துக் கொண்டால் பலன் 1.2, ஊளைதான். கடைசிக் கட்டத்தை மட்டும் 0.4இலிருந்து 0.3ஆகக் குறைத்தால் பலன் 0.9. ஊளை அடங்கிவிடும்! மற்ற இரண்டையும் தொடவே இல்லை. மைக்செட்காரர் சிறிதளவு திருகியதன் இரகசியம் இதுதான். கம்பியைப் பிடுங்கினாலும் ஊளை நிற்கும். ஆனால் தலைமையாசிரியரின் பேச்சும் நின்றுவிடும்.

இது வெறும் உவமைதானா? நெதர்லாந்தில் பதின்வயதினரைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று உள்ளது. ‘பெற்றோர் கண்டிக்கும் பிள்ளைகள் இணையத்தில் மிகுதியாகக் கிடக்கிறார்கள்’ என்று கண்டால், எது காரணம், எது விளைவு? கண்டிப்பால் பிள்ளை கெட்டானா, கெட்டதால் கண்டித்தார்களா? ஒரே ஒரு நாள் அளந்தால் இது தெரியாது. இரண்டு காலங்களில் அளந்தால்தான் எது முன்னே வந்தது என்று தெரியும். அவர்கள் அவ்வாறே அளந்தார்கள். பிள்ளையின் பழக்கம் மிகுந்தபின், இணையத்தைப் பற்றி வீட்டில் பேசுவது குறைந்ததாகத் தெரிந்தது. பேச்சின் தரமோ பழக்கத்தைத் தடுக்கும் பக்கம் நின்றது. தான் சொல்வதை வீட்டில் கேட்கிறார்கள், புரிந்து கொள்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளுக்கு விட முடியாத பழக்கம் குறைவாகவே வந்தது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற விதி ஓரளவு உதவிற்று. எவ்வளவு நேரம் என்ற கடும் விதி எதிர்ப்பலனே தரக்கூடும் என்றுகூடத் தோன்றியது.

பெரியவர்களுக்கும் இச்சுற்றில் பங்குண்டு. 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலார், கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக் கொண்டிருக்கும் தாயைத் திடீரென்று சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, பின்னர் முகத்தைத் திருப்பிக் கொண்டு சோர்ந்தது. அப்போது கைப்பேசி கிடையாது. மகன் பேச வரும்போது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்... ம்...” என்று சொல்லும் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று நான் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நன்றாக இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டாம் முறை மதுரைக்குப் போனபோது நான் பேசவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொண்டு போனேன். “எனக்கு ஒரு சோதனைக்கு அளவுகள் வேணும்டா. நீதான் எடுத்துத் தரணும்” என்றேன். மூன்று பத்திகள். கைப்பேசியை எடுத்த நேரம். எடுக்கும் முன் இருந்த மனநிலை, ஒரே சொல்லில். வைத்த பின் இருந்த மனநிலை, அதுவும் ஒரே சொல்லில். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எழுத வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். இதற்காகக் கைப்பேசியைப் பீரோவிலிருந்து வெளியே எடுக்க அத்தானைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவன் ஒரு நிபந்தனை போட்டான். “மாமா, நீங்களும் எழுதணும்.”

எழுதினேன். முதல் நாளே 58 முறை எடுத்திருந்தேன். அதில் பெரும்பாலான இடங்களில் ‘முன்’ என்ற பத்தியில் எழுதச் சொல்லே கிடைக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்பதே தெரியவில்லை!

மூன்றாம் வாரம் அவனாகவே நோட்டை நீட்டினான். வரைபடத் தாளில் நேரத்தைக் கிடையச்சிலும் எண்ணிக்கையை நிலையச்சிலும் குறித்திருந்தான். பகலெல்லாம் சமவெளி. இரவு பத்தரைக்கு ஒரே ஒரு மலைச்சிகரம். அதற்கு நேரே ‘முன்’ பத்தியில் திரும்பத் திரும்ப ஒரே சொல்: ‘தனியா’. தென்காசிப் பள்ளி நண்பர்கள் நால்வர் டியூஷன் முடித்து, சாப்பிட்டு, இரவு பத்தரைக்குத்தான் விளையாட வருவார்களாம். அந்த ஒரு மணி நேரம்தான் அவனுடைய பழைய ஊர். புதுப் பள்ளியில் மதிய உணவைத் தனியே உட்கார்ந்து உண்பதை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. அக்கா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாய்யா” என்றாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தென்காசியிலுள்ள ஒரு நண்பனின் தந்தைக்குப் போன் செய்து, சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஒரு நேரம் பேசி முடித்தார்.

உங்களில் யாருக்காவது இது ஆழ்ந்த சிக்கலாகவே இருந்து, நோட்டும் பேச்சும் போதாமற் போனால், அதற்கென்று மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்கி வருகிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சோதனையைச் செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஏழு நாட்களாவது எழுதுங்கள். ஒரு நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தனி வரைபடமாகப் போடுங்கள். மனநிலைக்கு ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்லை’ என்று எழுதினால் பயன் குறைவு. சரியான சொல்லைத் தேடுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக் கொண்டு, இரு வரைபடங்களையும் ஒரே தாளில் இரு நிறங்களில் வரையுங்கள். என் மருமகன் இப்போது அத்தானுக்கு வரைந்து கொண்டிருக்கிறான். இரவு ஒன்பது மணிச் செய்திக்கு நேரே அங்கேயும் ஒரு சிகரம் எழும்பி வருகிறதாம்.